விடியற்காலையில் சாகிற கர்ணன்

(கீழ்பென்னாத்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூத்தைப் பற்றிக் கீழ்பென்னாத்தூரில் வந்து பேசுவது கொஞ்சம் அசட்டுத் துணிச்சல்தான். முன்வரிசையில் இருக்கிற பெரியவர்களில் பாதிப் பேர் என்னைவிட அதிகமாகக் கர்ண மோட்சம் பார்த்தவர்கள். ஓரிருவராவது வேஷம் கட்டியவர்களாக இருப்பார்கள். உட்கார்ந்திருக்கும் தோரணையே சொல்கிறது. ஆகவே தெருக்கூத்து என்றால் என்ன, அதன் தோற்றம் வளர்ச்சி என்ன என்றெல்லாம் பள்ளிக்கூடப் பாடம் நடத்தப் போவதில்லை. ஒரே ஒரு நாடகம், அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. அவ்வளவுதான் இன்றைக்கு.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கிறது. மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. வில் வளைப்பில் தொடங்கி, அர்ச்சுனன் தபசு, அரவான் களப்பலி என்று போய், படுகளத்திலும் தீமிதியிலும் முடிகிறது. விழா யாருக்கு? அம்மனுக்கு. துகில் உரியப்பட்டவளுக்கு. விரித்த கூந்தலை முடிய மாட்டேன் என்று சபதம் போட்டவளுக்கு. அவளைச் சபையில் நிறுத்தி அவமானப்படுத்தியபோது எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் கர்ணன். வியாச பாரதத்தைப் படித்தால் இன்னும் மோசம்; அவள் ஆடையைக் களையச் சொல்லித் துச்சாதனனை ஏவுகிறவனே அவன்தான். அப்படிப்பட்டவனுக்கு அதே அம்மன் சன்னதிக்கு எதிரில், அதே விழாவில், ஒரு முழு ராத்திரியை எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, ஏன்? அவன் சாகும்போது ஊர்ப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்களே, அது எப்படி?

இந்தக் கேள்வியை வேறு ஊரில் கேட்டால் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். இங்கே வேண்டாம். செஞ்சி ரோட்டில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் செஞ்சி. அதை ஒட்டிய மேலச்சேரியில்தான் திரௌபதி அம்மனின் ஆதிக் கோயில் இருக்கிறது என்பது இந்த வட்டாரத்தின் நம்பிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைடல் 1988-இல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய நூலின் தலைப்பில் செஞ்சியும் குருக்ஷேத்திரமும் அக்கம்பக்கத்து ஊர்கள் மாதிரி நிற்கும். பார்க்கப்போனால் நமக்கு அப்படித்தான். படுகளத்தன்று ஏரிக்கரையிலோ கோயில் திடலிலோ களிமண்ணில் மல்லாந்து கிடக்கிற துரியோதனனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, குருக்ஷேத்திரம் வடக்கே எங்கோ இருக்கிற ஊர் என்று சொன்னால் நம்பாது.

கர்ண மோட்சம் என்ற நாடகத்தைப் புகழேந்திப் புலவர் பாடியதாகச் சொல்வார்கள். நளவெண்பா பாடிய புகழேந்தியா என்றால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அல்லி கதை, பவளக்கொடி கதை, பொன்னுருவி மசக்கை என்று ஊர்வாயில் இருந்த பாட்டையெல்லாம் அச்சில் ஏற்றியபோது அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த வரிசையில் இதுவும் சேர்ந்துவிட்டது. சென்னையில் இரத்தின நாயகர் கம்பெனி போன்ற பதிப்பாளர்கள் பெரிய எழுத்தில் மலிவு விலைக்குப் போட்டு, திருவிழாக் கடைகளில் விற்ற புத்தகங்களில் கூத்து நாடகங்களும் உண்டு. டச்சு ஆய்வாளர் ஹன்னா டி புருய்ன் இந்தக் கர்ண மோட்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1998-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டது. ஆனால் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு களரியில் போய் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் மூடிவைத்துவிடுவீர்கள். பாட்டு ஏறக்குறைய புத்தகத்தில் இருப்பதுதான். வசனம் முழுக்கக் கூத்து வாத்தியார் சொல்லிக் கொடுத்தது, அன்றைக்கு ராத்திரி வாயில் வந்தது, எதிரில் நிற்பவன் கிண்டியதால் பதிலுக்கு வந்தது. புத்தகம் எலும்பு என்றால் சதை முழுவதும் களரியில்தான் ஏறுகிறது.

இனி அந்த ராத்திரிக்குப் போவோம்.

பத்து மணிக்கு மேல் களரி கட்டுகிறார்கள். பெட்டி, மத்தளம், தாளம், முகவீணை. முகவீணை நாயனத்தைவிடச் சின்னது, சத்தமோ அதைவிடக் கூர்மை; ஊர்க்கோடியில் படுத்திருப்பவனையும் எழுப்பிவிடும். பிள்ளையார் துதி முடிந்து கட்டியக்காரன் வந்து, கோமாளித்தனம் பண்ணி, ஊர்த் தலைவரிலிருந்து டீக்கடைக்காரர் வரை ஒருவரையும் விடாமல் வம்புக்கிழுத்து, இன்றைக்கு என்ன கதை என்று சொல்லி முடிக்கவே நேரம் போய்விடும். சிறுபிள்ளைகள் இந்தக் கட்டம் வரை விழித்திருந்துவிட்டு, சாக்கின் மேலேயே சுருண்டு தூங்கிப் போகும்.

துரோணர் விழுந்துவிட்டார். பதினேழாம் நாள் யுத்தத்துக்குக் கர்ணன்தான் சேனாதிபதி. அவன் வருகிற விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதுதான் திரை. அதற்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. கீழே சலங்கை கட்டிய கால். நடுவில் இருக்கிற ஆளைக் காணோம், குரல் மட்டும் கேட்கிறது. திரைக்குப் பின்னால் நின்றே உச்சத்தில் விருத்தம் பாடுகிறான். பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியை வாங்கி இழுக்கிறார்கள். மத்தளம் சூடேறுகிறது. துணி ஒரு சாண் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. கூட்டம் எட்டிப் பார்க்கிறது. எவ்வளவு நேரம் இழுக்கலாம் என்பது நடிகனுக்கும் மத்தளக்காரருக்கும் நடுவில் உள்ள கணக்கு. கடைசியில் துணியை உதறித் தள்ளிவிட்டுக் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு வெளியே வருகிறான் பாருங்கள், அப்போது அந்தப் புஜக்கட்டையில் ஒட்டியிருக்கிற கண்ணாடிச் சில்லெல்லாம் ஒரே சமயத்தில் விளக்கை வாங்கி நம் மேல் எறியும். தீப்பந்தம் போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்து, அதுவும் போய் டியூப்லைட் வந்தாயிற்று. கண்ணாடி வேலை எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கிறது.

அந்தக் கட்டைகளைக் கல்யாண முருங்கை மரத்தில் செய்வார்கள். மரம் கனமில்லாதது என்பதுதான் காரணம். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாவற்றையும் தலையிலும் தோளிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு விடிய விடியப் பாடி ஆட வேண்டும். தேக்கில் செய்தால் கர்ணன் அர்ச்சுனன் அம்புக்கு முன்னாலேயே விழுந்துவிடுவான்.

இன்னொன்றைக் கவனியுங்கள். பாண்டவர் கோயில், பாண்டவர் விழா. ஆனால் பளிச்சென்று மனத்தில் நிற்கிற திரைப் பிரவேசங்களை எண்ணிப் பார்த்தால் துரியோதனன், துச்சாதனன், கர்ணன் என்று தோற்றுப்போன பக்கத்தின் பட்டியலாகத்தான் வருகிறது. தருமர் பாவம், வந்தார், இருந்தார். நல்ல குரலும் நல்ல உடம்பும் உள்ள ஆட்டக்காரன் எந்த வேஷத்துக்கு ஆசைப்படுகிறான் என்று வாத்தியார்களைக் கேட்டுப் பாருங்கள்.

கதையில் அடுத்து வருவது பொன்னுருவி. கர்ணன் சண்டைக்குக் கிளம்புமுன் பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டு போக வருகிறான். இந்தப் பொன்னுருவி வியாசரிடம் கிடையாது. 1964-இல் பந்துலு எடுத்த கர்ணன் படத்தில் மனைவி பெயர் சுபாங்கி, தேவிகா நடித்தார், புருஷன் மேல் உயிரையே வைத்திருப்பாள். கூத்துப் பொன்னுருவி அப்படியல்ல. அவள் ராஜா மகள். தேரோட்டி வளர்த்தவனுக்குத் தன்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்ற வெறுப்பு அவளுக்கு. கடைசி நாளில் வாசலில் வந்து நிற்கிறவனை உள்ளே வா என்று சொல்ல மாட்டாள். குலம் என்ன, கோத்திரம் என்ன என்று கேட்பாள். வசனம் குழுவுக்குக் குழு மாறும், சாரம் இதுதான். சாகப் போகிறவன், சொந்தப் பெண்டாட்டியிடம் தான் யார் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அவன் பிறப்பின் உண்மை தெரிந்த பிறகு அவள் போகாதே என்று மறிக்கிறாள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

சமஸ்கிருதத்தில் பாசன் எழுதிய கர்ணபாரம் என்ற ஓரங்க நாடகம் இதே நாளைத்தான் எடுத்துக்கொள்கிறது. திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி பாசனின் நாடகங்களைக் கண்டெடுத்து 1912 வாக்கில் அச்சில் கொண்டுவந்தார். அருமையான நாடகம். கர்ணன் போருக்குப் புறப்படுகிறான், சல்லியன் தேரில் இருக்கிறான், இந்திரன் பிராமணனாக வந்து கவச குண்டலத்தை வாங்கிப் போகிறான், கர்ணன் தேரை நடத்தச் சொல்கிறான், முடிந்துவிட்டது. அதில் பெண்டாட்டி இல்லை. அம்மாவும் மேடைக்கு வருவதில்லை. பாசனுக்குக் கர்ணனின் கொடை போதுமானதாக இருந்தது. நம் ஆட்களுக்கு அது போதவில்லை. வீட்டு வாசலில் அவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. யாருக்குத் தோன்றியது என்று யோசித்தால் என் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது.

கூத்தாடியவர்கள் யார்? பல சாதியாரும் உண்டு. ஆனால் வட ஆற்காட்டுப் பக்கத்தில் பல ஊர்களில் கூத்தாடுவது வண்ணார் குடும்பங்களுக்கு உரிமையாகவும் கடமையாகவும் இருந்திருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த பெரிய ஆட்டக்காரர்களும் உண்டு. பகலில் திண்ணைக்குக் கீழே நின்று கூலி வாங்கியவன் ராத்திரி கட்டை கட்டிக்கொண்டு மகாராஜாவாக வந்து பெஞ்சின் மேல் உட்காருகிறான். அதே ஊர், அதே ஜனம், அதே திண்ணைக்காரர் எதிரில். அவனைப் பார்த்து இன்னொரு நடிகன் பெண் வேஷத்தில், உன் பிறப்பு என்ன என்று கேட்கிறான். அந்த வசனத்துக்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்காது. கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி. கர்ணன் பதில் சொல்லும்போது குரல் உடைகிறதே, அது நடிப்பா என்று நான் பலமுறை சந்தேகப்பட்டிருக்கிறேன்.

சல்லியன் சமாசாரத்தைச் சுருக்கிவிடலாம். அவனும் பிறப்பைச் சொல்லியே குத்துகிறவன்தான். ராஜாவான நான் தேரோட்டி மகனுக்குத் தேரோட்டுவதா என்பது அவன் குறை. நாகாஸ்திரத்தைக் கர்ணன் கழுத்துக்குக் குறிவைக்கிறான். மார்புக்கு வை என்கிறான் சல்லியன். கேட்கவில்லை. கிருஷ்ணன் தேரை அழுத்துகிறான், அர்ச்சுனன் முடி போகிறது, தலை தப்புகிறது. அம்பாகப் போன பாம்பு திரும்பி வந்து இன்னொரு தடவை விடு என்று கெஞ்சுகிறது. அம்மா குந்திக்குக் கொடுத்த வாக்கு, ஒரு தடவைக்கு மேல் விட மாட்டேன் என்கிறான். சல்லியன் கோபித்துக்கொண்டு தேரைவிட்டுக் குதித்துப் போகிறான். வில்லிபுத்தூரார் வழியாகப் பிரசங்கத்தில் மத்தியானம் கேட்ட கதைதான். கூத்தில் இந்த இடத்துக்கு வரும்போது மணி நாலு தாண்டியிருக்கும். பாதிக் கூட்டம் கம்பளிக்குள் இருக்கும்.

பிறகு சக்கரம் புதைகிறது. கர்ணன் விழுகிறான். உயிர் போகவில்லை, அவன் செய்த தருமம் தலையைக் காக்கிறது. கிருஷ்ணன் பிராமணக் கிழவனாக வந்து அந்தப் புண்ணியத்தையும் தானமாகக் கேட்கிறான். கொடுத்துவிடுகிறான். குந்தி தலைவிரி கோலமாக ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாள். கிழக்கே வெளுக்கிறது.

காவியத்தில் கர்ணன் விழுவது பிற்பகலில், பொழுது சாய்கிற வேளையில். கூத்தில் அவன் விழுவது விடியலில். இதை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டிருக்க மாட்டார்கள். விடிய விடிய ஆடுகிற நாடகம் விடியலில்தான் முடியும். சாவு கடைசியில்தான் வரும். ஆனாலும் சூரியன் பெற்ற பிள்ளை, சூரியன் மேலே வருகிற நேரத்துக்கு, எல்லோரும் பார்க்கக் கட்டாந்தரையில் கிடக்கிறான். எந்த நாடக ஆசிரியனும் எழுதிக் கொண்டுவர முடியாத காட்சி. கட்டையெல்லாம் பகல் வெளிச்சத்தில் வெறும் மரமாகவும் காகிதமாகவும் தெரிய ஆரம்பித்துவிடும். அரிதாரம் வியர்வையில் கரைந்து, உள்ளே இருக்கிற ஆள் யாரென்று தெரியும். குந்தியின் அழுகையோ கூத்துப் பாட்டிலிருந்து நழுவி, நம் வீட்டுப் பெண்கள் மாரடித்துப் பாடுகிற ஒப்பாரியாக மாறிவிடும். அந்த மெட்டு வந்தவுடன் பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். அவர்கள் அழுவது கர்ணனுக்காக மட்டும்தானா?

மீதிப் பதில் இங்கே இருக்கிறது. அர்ச்சுனன் தபசுக்கு மரம் நடுகிறார்கள். மேலேயிருந்து அவன் எறிகிற எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளையில்லாத பெண்கள் முந்தானை ஏந்துகிறார்கள். படுகளத்தில் கூந்தல் முடிப்பு இருக்கிறது. துகில் ராத்திரியில் துச்சாதனன் வேஷக்காரன் சேலையில் கை வைக்குமுன் கற்பூரம் ஏற்றி, தாயே இது வேஷம், என்னை மன்னித்துவிடு என்று கும்பிட்டுவிட்டுத்தான் தொடுவான். இவற்றிலெல்லாம் வேண்டுதல் உண்டு, பயம் உண்டு. கர்ண மோட்சத்துக்குப் பெரும்பாலான ஊர்களில் அப்படிச் சடங்கு எதுவும் கிடையாது. அது வெறும் நாடகம். ஆனால் பாரதக் கூத்திலேயே, கோயிலைவிட்டு வெளியே வந்து சாவு வீட்டுக்குப் போகிற நாடகம் முக்கியமாக இதுதான். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைப்பது நம் வடமாவட்டங்களில் இன்றைக்கும் உள்ள வழக்கம். செத்தவர் நல்ல கதிக்குப் போக வேண்டும் என்று வைக்கிறார்கள். இறந்தவர் தருமரைப் போல வாழ்ந்திருந்தால் இந்தக் கவலை எழாது. நம் அப்பா, சித்தப்பாக்கள் தருமர்களா? கடன்பட்டவரோடு கூட்டு, நன்றிக்காகத் தப்பான பக்கம் நின்றது, வாயைத் திறந்து சொல்லக் கூடாததைச் சொன்னது, கை மட்டும் தாராளம். ஊரில் நாலு பேருக்கு இரண்டு பேர் அப்படித்தான். அவர்களுக்கும் மோட்சம் உண்டு என்று சொல்ல ஒரு கதை வேண்டியிருக்கிறது. அம்மனை அவமானப்படுத்தியவனுக்கே அம்மன் வாசலில் கிடைத்துவிட்டால், அப்புறம் நம் ஆளுக்கு என்ன குறை?

2008-இல் முரளி மனோகர் இயக்கிய கர்ண மோட்சம் என்ற குறும்படத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். எஸ். ராமகிருஷ்ணன் எழுதியது, தேசிய விருது பெற்றது. வேஷத்தோடு சென்னையில் மாட்டிக்கொண்ட கூத்துக் கலைஞனின் ஒரு நாள். நாடகங்களில் அவர்கள் இதைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல என்றே எனக்குப் படுகிறது.

வெளியுலகம் நம் கூத்தைப் பார்த்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துப் புரிசையிலிருந்துதான் அது பெரிய அளவில் தொடங்கியது. அந்த ஊர் நடேசத் தம்பிரானின் ஆட்டத்தைச் சென்னையில் பார்த்து நாடக ஆசிரியர் ந. முத்துசாமி ஆடிப்போனார், பிறகு 1977-இல் அவருடைய கூத்துப்பட்டறை வந்தது. அதே புரிசையின் கண்ணப்ப தம்பிரான் பிரெக்ட் நாடகத்தையும் மார்க்வெஸ் கதையையும்கூடக் கூத்தாக ஆடிக் காட்டினார். அவர் மகன் சம்பந்தன் பாரிசுக்குப் போய் ஆரியான் முனூஷ்கினின் நாடகக் குழுவுக்குக் கூத்துப் பயிற்சி கொடுத்தார். 2016-இல் அங்கே மேடையேறிய ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற நாடகத்தில் பிரெஞ்சு நடிகர்கள் தமிழில் விருத்தம் பாடிக் கட்டை கட்டி ஆடினார்கள். அதிலும் கர்ணன் சாவு இருந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ஆடினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோன ரெயூனியன் தீவுக்கும் நம் ஆட்கள் பாரதக் கூத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்த பிறகும் பாட்டு மறக்கவில்லை.

பெருங்கட்டூர் ராஜகோபால் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை ஒரு கூத்துக் குருகுலம் நடத்தினார். அங்கே பெண் பிள்ளைகளும் கட்டை கட்டினார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் ஒரு பெண் பிள்ளை கர்ணனாக வருகிறது என்றால், அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து வருகிற விருத்தத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. பொன்னுருவி கேட்கிற கேள்விக்கும்தான்.

இதையெல்லாம் சொல்வது பெருமைக்காக அல்ல. பாரிசிலும் சென்னை சபாக்களிலும் கர்ண மோட்சம் ஒரு மணி நேரத்தில், ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. ஆட்டம் சுத்தமாக இருக்கிறது, அலுப்பே இல்லை. எனக்கு அந்த அலுப்பு இல்லாததுதான் உறுத்துகிறது. மல்லாட்டை கொறித்து, தூங்கி, டீ குடித்து, பக்கத்து வீட்டுச் சண்டையைப் பேசி, மறுபடி எழுந்து பார்க்கும்போது அவன் இன்னும் போராடிக்கொண்டிருக்க வேண்டும். எட்டு மணி நேரம் கூட இருந்தவன் சாகிறபோது வருகிற துக்கம், எட்டு மணிக்கு டிக்கெட் வாங்கி ஒன்பதே காலுக்கு எழுந்து போகிறவனுக்கு வராது.

இப்போது ஊரிலேயே அதற்குச் சிக்கல் வந்துவிட்டது. ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு அரசு தளர்வு கொடுத்தாலும் நடுராத்திரி வரைக்கும்தான், அதுவும் வருஷத்தில் சில நாட்களுக்கு மட்டும். விதி நியாயமானது, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் இருதய நோயாளியும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் கூத்து நடக்கிற நேரமும் இதே பத்திலிருந்து ஆறுதான். அதனால் சில விழாக் குழுக்கள் பயந்துகொண்டு பன்னிரண்டு மணிக்கெல்லாம் கர்ணனைக் கொன்றுவிடுகிறார்கள்.

இங்கே விழாக் குழுவைச் சேர்ந்தவர்கள் சிலர் வந்திருப்பதால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். சத்தத்துக்குத்தான் சட்டம், ஆட்டத்துக்கு அல்ல. பன்னிரண்டு மணிக்கு மைக்கை நிறுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொல்லுங்கள். உயரத்தில் தொங்குகிற மைக்குக்காகவே ஆட்டக்காரர்கள் ஒரே இடத்தில் நின்று பாடப் பழகிவிட்டார்கள். அது போனால் மறுபடி களரி முழுக்கச் சுற்றி ஆடுவார்கள். முகவீணையையும் கர்ணனின் குரலையும் மைக் வருவதற்கு முன்னாலும் ஊர் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கூட்டம் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நெருங்கி உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.